சோவியத் டை காஸ்ட் கார்கள்: அடித்தட்டிலிருந்து தொடங்குங்கள்

பழைய சோவியத் பொம்மைக் கார் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அப்புறம் பானெட், டிக்கி. தப்பில்லை, இந்தக் கார்களின் அழகே அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டுமானால் முதலில் காரைக் கவிழ்த்துப் பிடியுங்கள். இது எந்த மாடல், எந்தக் காலத்தது, யாராவது பிரித்து மாட்டியிருக்கிறார்களா என்ற மூன்று கேள்விக்கும் பெரும்பகுதி விடை அடித்தட்டில் இருக்கிறது. புதிதாகச் சேர்க்க வருபவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் பெட்டியையும் நிறத்தையும் பார்த்து மயங்கி, அடித்தட்டைப் பார்க்காமல் விடுவதால்தான்.

இந்தக் கட்டுரையில் நான் பேசுவது 1:43 அளவில், அதாவது நிஜக் காரில் 43-இல் ஒரு பங்கு அளவில் வந்த டை காஸ்ட் கார்களை, உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவற்றைப் பற்றி மட்டும். தகரப் பொம்மைகளும் பெரிய பிளாஸ்டிக் லாரிகளும் வேறு உலகம். அவற்றையும் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்திலேயே குழம்பிப்போவீர்கள்.

எங்கிருந்து வந்தன

வோல்கா நதிக்கரையில் சரடோவ் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்த தந்தால் ஆலை மின்னணுச் சாதனங்கள் செய்தது. அதிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், அதே நதியின் எதிர்க்கரையில் உள்ள சிறு நகரம் மார்க்ஸ். அங்கே ராடோன் ஆலை. பொம்மைக்கென்று கட்டிய தொழிற்சாலை எதுவும் இந்தக் கார்களுக்குப் பின்னால் இல்லை. பாதுகாப்புத் துறைக்கு உற்பத்தி செய்த ஆலைகள் மக்கள் பயன்பாட்டுக்கான பொருள்களையும் செய்ய வேண்டும் என்று சோவியத் அரசு வற்புறுத்தியது. சில ஆலைகள் வானொலி செய்தன, சில வீட்டுப் பாத்திரங்கள் செய்தன. சரடோவ் பக்கம் 1970-களின் தொடக்கத்திலிருந்து குட்டிக் கார்கள் வந்தன. துல்லியமான அச்சு செய்யத் தெரிந்த தொழிலாளிகளும் நல்ல வார்ப்பு எந்திரங்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. முதல் காலத்து மாஸ்க்விச் கார்களின் கதவு இடுக்கு அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

கசான் நகரத்தில் எலெகோன் ஆலை. அது மின் இணைப்பான்கள் செய்யும் இடம். அங்கிருந்து கமாஸ் லாரி மாடல்கள் வந்தன. நிஜக் கமாஸ் லாரி தயாரான நாபெரெஷ்னியே செல்னி நகரமும் கசானும் ஒரே தத்தார் குடியரசுக்குள் இருப்பவை. முதல் கமாஸ் லாரி 1976 பிப்ரவரியில் ஆலையை விட்டு வெளியே வந்தது. லெனின்கிராடில் கேமராவும் நுண்ணோக்கியும் செய்த லோமோ நிறுவனத்தின் பெயரில், சோவியத் காலத்தின் கடைசி ஆண்டுகளில், எம்கா போன்ற 1930-களின் கார்கள் மாடலாக வந்தன.

தொடக்கக்காரருக்கு சரடோவும் மார்க்ஸும் போதும். சந்தையில் அதிகம் கிடைப்பதும் அவைதான், ஒப்பிட்டுப் பார்க்கத் தகவல் அதிகம் இருப்பதும் அவற்றுக்குத்தான்.

படி 1: கவிழ்த்துப் படியுங்கள்

ரஷ்ய மொழி கற்க வேண்டாம். ஏழெட்டு எழுத்து வடிவங்கள் கண்ணுக்குப் பழகினால் போதும்.

அடித்தட்டில் முதலில் தேட வேண்டியது ‘சோவியத் ஒன்றியத்தில் செய்தது’ என்ற வரி. அதன் கடைசி நான்கு எழுத்துகள் ஆங்கில ‘சி’ (C) மூன்றும் ‘பி’ (P) ஒன்றும் அடுத்தடுத்து நிற்பது போலத் தெரியும். உச்சரிப்பு அப்படி இல்லை, எஸ்-எஸ்-எஸ்-ஆர் என்று வாசிக்க வேண்டும். பொறிப்பு அச்சிலிருந்தே எழும்பியிருக்க வேண்டும். ஸ்டிக்கராகவோ, பின்னால் கீறியதாகவோ இருந்தால் காரைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது மாடல் பெயர். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ‘ஸ்’ ஒலிக்கான ரஷ்ய எழுத்து பார்ப்பதற்கு எண் 3 மாதிரியே இருக்கும். காஸ் 24 என்று பொறித்திருப்பதை ‘ஏதோ ஏ, 3, 24’ என்று படித்துவிட்டு, மாடல் எண் 324 என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருப்பவர்களை இன்றும் பார்க்கலாம். அதன் முதல் எழுத்து தலைகீழாக நிற்கும் ஆங்கில ‘எல்’ மாதிரி இருந்தால் அது காஸ், வோல்கா கார்களைச் செய்த கோர்க்கி ஆலை. முதல் எழுத்து ‘பி’ (B) மாதிரி இருந்தால் அது வாஸ், ஜிகுலி செய்த தொல்யாத்தி ஆலை. மாஸ்க்விச் என்ற பெயரின் கடைசி எழுத்து எண் 4 போலத் தெரியும், நடுவில் கண்ணாடியில் பார்த்த ‘என்’ ஒன்று இருக்கும். இந்த மூன்று பெயர்களும் கண்ணுக்குப் பிடிபட்டால் சரடோவ் கார்களில் பெரும்பகுதியை அடையாளம் காண்பீர்கள்.

பிறகு ‘1:43’ என்ற அளவும், ‘ஏ’ எழுத்தோடு ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆலை கொடுத்த வரிசை எண். உதாரணமாக வோல்கா காஸ் 24 காருக்கு ஏ14. சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் இந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள், விலைப் பட்டியலும் இதை வைத்தே இருக்கும். கார் பெயரோடு இந்த எண்ணையும் சேர்த்துத் தேடினால் வேண்டாதவை நிறைய வடிகட்டப்பட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை. மாஸ்க்விச் 408, 412 இரண்டுமே மாடலாக வந்தன. இரண்டையும் அடிப்படையாக வைத்த ஸ்டேஷன் வேகன், சரக்கு வேன் வகைகளும் வந்தன. நிஜத்தில் 426 வேகனும் 433 வேனும் 408 குடும்பம். 427 வேகனும் 434 வேனும் 412 குடும்பம். மேலிருந்து பார்த்தால் ஒரே உடல்வாகு. எனவே மாஸ்க்விச் விஷயத்தில் விற்பவர் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அடித்தட்டின் படத்தைக் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள்.

படி 2: அடித்தட்டு உலோகமா பிளாஸ்டிக்கா

இதே வேளையில் தட்டை நகத்தால் தட்டிப் பாருங்கள். முதல் காலத்துக் கார்களுக்கு உலோக அடித்தட்டு இருந்தது. பிற்பாடு செலவைக் குறைக்க பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஒரே மாடலில் இரண்டும் கிடைக்கும், உலோகத் தட்டு உள்ளவற்றுக்கு மதிப்பு அதிகம். தூக்கிப் பார்க்கும்போதே எடை வித்தியாசம் கைக்குத் தெரியும். இணையத்தில் வாங்குவதானால் சமையல் தராசில் நிறுத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் யாரும் இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

சக்கரத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம். தனி ரப்பர் டயர் மாட்டியதா, முழுச் சக்கரமும் ஒரே பிளாஸ்டிக்கா? நான்கு சக்கரமும் ஒரே வகையா? மூன்று ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் இருந்தால் அந்த ஒன்று வேறு காரிலிருந்து வந்தது. ஆக்சில் முனை புதிதாகப் பளபளத்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடித்தட்டு உடலோடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரிவெட் தலை துளையிடப்பட்டிருக்கிறதா, பசை தெரிகிறதா, ஸ்க்ரூ தலையில் கீறல் இருக்கிறதா? திறந்து மூடிய கார் எல்லாமே மோசடி என்று அர்த்தமில்லை. முன் சீட்டு கழன்று ஆடியதற்காக யாரோ திறந்திருக்கலாம். ஆனால் திறந்த காரில் அடித்தட்டு மாற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு. 1990-களின் உடலுக்கு 1970-களின் உலோகத் தட்டை மாட்டி விற்பது இந்தச் சந்தையின் பழைய வித்தை.

படி 3: அளவுகோல் எடுங்கள்

1:43 என்ற அளவு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனின் ‘ஓ’ கேஜ் ரயில்களுக்குப் பக்கத்தில் நிறுத்தக் கார்கள் தேவைப்பட்டன, அந்த அளவே பிறகு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. உங்களுக்கு இதில் உள்ள பயன்: நிஜக் காரின் நீளத்தை 43-ஆல் வகுத்தால் மாடலின் நீளம் கிடைத்துவிடும். வோல்கா காஸ் 24 நிஜத்தில் 4,735 மில்லிமீட்டர், மாடல் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சைகா காஸ் 13 நிஜத்தில் 5,600 மில்லிமீட்டர், மாடல் 130. நீவா 3,720 மில்லிமீட்டர், மாடல் 86 அல்லது 87. இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம். பத்து மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டால் அது வேறு அளவு, வேறு தயாரிப்பு.

காந்தம் ஒன்றும் பையில் இருக்கட்டும். துத்தநாகக் கலவையில் காந்தம் ஒட்டாது. ஆக்சிலில் ஒட்டும், ஏனென்றால் அது எஃகு. உடலிலேயே ஒட்டினால் உங்கள் கையில் இருப்பது தகரப் பொம்மை.

படி 4: சோவியத் அல்லாதவற்றைப் பிரியுங்கள்

மூன்று வகை உங்களைக் குழப்பும்.

முதலாவது, சோவியத் உடைந்த பிறகும் அதே அச்சுகளில் வந்தவை. 1991-க்குப் பிறகு அச்சுகள் எங்கும் போய்விடவில்லை. அகாத் போன்ற பெயர்களில் உற்பத்தி தொடர்ந்தது. நிஜத்தில் எந்தச் சாலையிலும் ஓடாத நிறங்களும் விளம்பரங்களும் தாங்கிய வோல்காக்கள், நீவாக்கள் ஏராளமாக வந்தன. அவை போலி அல்ல, தனியாகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சோவியத் விலைக்கு விற்றால்தான் பிரச்சினை. அடித்தட்டில் நாட்டின் பெயர் மாறியிருந்தால் விஷயம் முடிந்தது. மாறாமல் இருந்தால் வார்ப்பின் கூர்மையைப் பாருங்கள். தேய்ந்த அச்சில் வந்த காரில் கிரில்லின் கோடுகள் மழுங்கியிருக்கும், கதவுக் கைப்பிடி உடலோடு கரைந்தது போல இருக்கும், அச்சு இணையும் இடத்தில் மெல்லிய பிசிறு நிற்கும்.

இரண்டாவது, 2000-களின் கடைசியில் டி அகோஸ்டினி நிறுவனம் பத்திரிகையோடு சேர்த்து விற்ற வரிசை. சோவியத் கார்களின் அழகான மாடல்கள்தான், ஆனால் சீனாவில் செய்தவை. பெரும்பாலானவற்றில் கதவு திறக்காது. பழைய ஆலைகள் தொடாத கார்களைக் கூட அவற்றில் காணலாம். அலமாரியில் வைத்து ரசிக்க மலிவான வழி. ‘சோவியத் விண்டேஜ்’ என்ற பெயரில் யாராவது விற்றால் ஒதுங்கிவிடுங்கள்.

மூன்றாவது வகை சுவையானது. இத்தாலியின் பொலிடாய்ஸ் நிறுவனத்தின் பழைய பிளாஸ்டிக் கார் அச்சுகள் சோவியத் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதனால் சோவியத் முத்திரையோடு மேற்கத்தியக் கார்கள், பிளாஸ்டிக்கில், கிடைக்கின்றன. ரஷ்யச் சேகரிப்பாளர்கள் அவற்றை ‘ரீமேக்’ என்பார்கள். உண்மையான சோவியத் பொருள்தான், டை காஸ்ட் அல்ல. உங்கள் சேகரிப்பு வளர்ந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

படி 5: ஒரே காரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்லும் யோசனை இது. பத்து வெவ்வேறு மாடல் வாங்குவதற்குப் பதிலாக ஒரே மாடலில் நான்கைந்து வகை வாங்குங்கள். என் தேர்வு வோல்கா காஸ் 24.

நிஜக் கார் 1970-இல் தொடர் உற்பத்திக்கு வந்தது. டாக்சியாக, அதிகாரிகளின் வாகனமாக, ஆம்புலன்ஸாக அந்த நாட்டில் எங்கும் ஓடியது. மாடலும் அதே மாதிரி நீண்ட காலம் உற்பத்தியில் இருந்தது. அதனால் உலோகத் தட்டு, பிளாஸ்டிக் தட்டு, சோவியத் காலத்து அரசு வாகன வகைகள், 1991-க்குப் பிந்தையவை என எல்லாம் இந்த ஒரே காரில் கிடைக்கும். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால், இந்தத் துறையின் பாதி விஷயம் கண்ணுக்குப் பழகிவிடும். விலையும் தொடக்கக்காரரைப் பயமுறுத்தாது.

நல்ல வோல்கா எப்படி இருக்கும்? பக்கக் கதவு, பானெட், டிக்கி மூன்றும் திறக்கும். திறந்த கதவு தானாகத் தொங்கிவிடாமல் நிற்க வேண்டும். மூடினால் சுற்றிலும் ஒரே அகலத்தில் இடுக்கு தெரிய வேண்டும். மேலே விரலால் மெல்ல அழுத்தினால் சக்கரங்கள் ஸ்பிரிங்கில் இறங்கி ஏறும். ஒரு மூலை மட்டும் இறங்கியே இருந்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பாருங்கள், அதுவும் தனியாக உருவம் கொடுத்துச் செய்யப்பட்டது. அதன்மேல் உடலின் நிறம் தெறித்திருந்தால் யாரோ கதவு, பானெட்டைக் கழற்றாமலே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்.

அரசு வாகன வகைகளில் டாக்சியும் காவல் வாகனமும் எளிதில் பார்க்கக் கிடைக்கும். டாக்சிக்குக் கதவில் சதுரங்கக் கட்டங்கள். காவல் வாகனம் மஞ்சள் உடலில் நீலப் பட்டையோடு, மிலிட்சியா என்றோ, போக்குவரத்துப் பிரிவைக் குறிக்கும் மூன்றெழுத்தோ எழுதியிருக்கும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஒட்டி, போட்டியின் சின்னம் தாங்கிய கார்களும் வந்தன. ஒலிம்பிக் கார் என்றாலே விலை ஏறிவிடும் என்பதால் போலிகளும் அங்கேதான் அதிகம். சாதா மஞ்சள் வோல்காவில் டெக்கால் எனும் ஒட்டுப்படத்தை ஒட்டினால் காவல் வாகனம் தயார், இதைச் சோவியத் காலத்திலேயே வீட்டில் செய்தவர்கள் உண்டு. பட்டை கதவு இடுக்கைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். ஆலையில் செய்ததில் இடுக்கின் இரண்டு பக்கமும் பட்டை சுத்தமாக முடிந்து தொடங்கும். வீட்டில் ஒட்டியதில் ஒட்டிய பிறகு பிளேடால் கீறிய தடம், பெயின்டில் ஒரு மெல்லிய கோடாக, டார்ச் வெளிச்சத்தில் மின்னும்.

படி 6: ரீபெயின்ட்டைக் கண்டுபிடியுங்கள்

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், கூரையோடு ஒட்டினாற்போல் அடியுங்கள். ஆலைப் பெயின்ட் மெல்லியது, அடியிலுள்ள பொறிப்புகள் கூர்மையாகத் தெரியும். திரும்ப அடித்ததில் டிக்கி மேலுள்ள சிறிய எழுத்துகளும் ஜன்னல் ஓரத்து வரைகளும் பெயின்டில் மூழ்கியிருக்கும்.

அப்புறம் கதவை முழுசாகத் திறந்து, கீல் இருக்கும் மூலையைப் பாருங்கள். பிரஷ் போகாத, ஸ்பிரே சரியாகப் படாத இடம் அது. வெளியே சிவப்பு, அங்கே லேசாகப் பச்சை என்றால் காரின் அசல் நிறம் பச்சை. கண்ணாடி ஓரத்திலும் ஆக்சில் மேலும் துளி பெயின்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் சாம்பல் உலோகம் நேரடியாகத் தெரிந்தால் நல்லது. நடுவில் இன்னொரு நிறத்தின் அடுக்கு தெரிந்தால் பதில் கிடைத்துவிட்டது.

என் கருத்து: ஓரங்களில் பெயின்ட் தேய்ந்த அசல் கார், புதுசாக மின்னும் ரீபெயின்ட்டை விட எப்போதும் மேல். குழந்தைகள் விளையாடிய பொருள் இது. தேய்மானம் அதன் வரலாற்றில் ஒரு பகுதி. தேய்ந்த இடத்தைத் தொட்டுப் பூசி ‘சரிசெய்ய’ ஆசைப்படாதீர்கள்.

படி 7: உலோக நோயைப் பாருங்கள்

எந்த டை காஸ்ட் பொம்மை சேர்த்தாலும் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து இது. சேகரிப்பாளர்கள் துத்தநாகப் பிளேக் என்பார்கள். வார்ப்புக் கலவையில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் அலுமினியம். அதில் ஈயம், தகரம், காட்மியம் மிகச் சிறிய அளவில் கலந்துவிட்டால் கூட, உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி உள்ளிருந்து வீங்க ஆரம்பிக்கும். ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பியப் பொம்மைகள் பல இப்படித்தான் அழிந்தன. சோவியத் கார்களிலும் சில வார்ப்புகளில் வரும்.

அறிகுறிகள் இவை. பெயின்டில் வறண்ட ஏரியின் வெடிப்பு போல வலை. மூடாத கதவு, ஏனென்றால் உடல் வீங்கி இடுக்கு குறைந்துவிட்டது. வளைந்த அடித்தட்டு. மெல்லிய ஜன்னல் தூண்களில் முடி போன்ற பிளவு. பெயின்ட் மட்டும் வெடித்ததையும் இதையும் பிரித்தறிய, பெயின்ட் இல்லாத உட்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெடிப்பு உள்ளேயும் தொடர்ந்தால் அது உலோகத்தில் உள்ள வெடிப்பு.

இதற்கு மருந்து கிடையாது. பசை ஊற்றினாலும், பெயின்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நிற்காது. ஆனால் ஒரு பயத்தை விட்டுவிடலாம். இது பக்கத்திலிருக்கும் காருக்குத் தொற்றாது. குறை அந்த வார்ப்போடு பிறந்தது.

பெட்டி

பெட்டிக்கு ஆசைப்படலாம், பெட்டியை நம்பித் தேதி குறிக்கக் கூடாது. ஐம்பது ஆண்டுகளில் காரும் பெட்டியும் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஏற்றுமதிக்குப் போன பெட்டிகளில் நோவோஎக்ஸ்போர்ட் என்ற வெளிநாட்டு வணிக நிறுவனத்தின் பெயர் இருக்கும், உள்நாட்டுப் பெட்டிகளில் ஆலையின் சின்னமும் ரூபிள் விலையும் பார்க்கலாம். சிலவற்றில் 1967-இல் வந்த சோவியத் தர முத்திரை, ஐந்து மூலை வடிவம், இருக்கும். நகல் பெட்டிகள் இப்போது நிறைய அச்சிடப்படுகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வீட்டு பிரின்டரில் எடுத்த படத்தில் நிறப் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். மடிப்பின் உட்புறத்து அட்டை வெள்ளை வெளேரென்று இருந்தாலும் யோசியுங்கள்.

வாங்கும்போது

ஜெர்மனி, ஹங்கேரி, போலந்து, பால்டிக் நாடுகள் எல்லாவற்றிலும் இந்தக் கார்கள் அன்றைக்கே விற்கப்பட்டன. அங்கிருந்து இணைய ஏலத்தில் வருபவை இன்றைக்கு நமக்குச் சுலபம். ரஷ்ய விற்பனையாளர்களிடம் தேர்வு அதிகம், ஆனால் 2022 மார்ச்சிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் அங்கே சேவையை நிறுத்தியதால் நேரடியாகப் பணம் கட்டுவது சிரமம்.

விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: அடித்தட்டு நேராக, கூரை பக்கவாட்டு வெளிச்சத்தில், முன்புறம், பின்புறம், கதவு திறந்த மூலை, பானெட் திறந்த நிலை. பம்பர், ஹெட்லைட், டாக்சிக்குக் கூரை விளக்கு எல்லாம் இருக்கிறதா என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாக ‘நல்ல நிலையா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். பிற்பாடு செய்த மாற்று உதிரிகள் கிடைக்கின்றன, அதனால் ‘பம்பர் அசலா’ என்பதையும் கேள்வியில் சேருங்கள்.

ஏலத்தில் இறங்கும் முன், முடிந்துபோன விற்பனைகளின் விலையைப் பாருங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் எழுதலாம், கொடுத்த விலைதான் கணக்கு. சுங்க அறிவிப்பில் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். சட்டப்படி தவறு என்பதோடு, வழியில் உடைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும். கதவு, பானெட் திறந்து ஆடாதபடி மெல்லிய காகிதத்தைச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். டேப்பை நேரடியாகப் பெயின்ட் மேல் ஒட்டக் கூடாது என்று எழுதியே கேளுங்கள், டெக்கால் அதோடு உரிந்து வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப், மென்மையான பிரஷ். இவ்வளவுதான். டெக்கால் உள்ள இடத்தை நனைக்காமல் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்பிரிட் எதுவும் கிட்டே வரக் கூடாது. பளபளக்கும் பம்பர் பிளாஸ்டிக்கின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு, அழுத்தித் துடைத்தால் ஒரே தடவையில் போய்விடும். கழுவியபின் கதவுகளைத் திறந்தே வைத்து மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள். ஸ்பிரிங்கும் ஆக்சிலும் எஃகு, துருப்பிடிக்கும்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடிய கண்ணாடி அலமாரியும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். நம் வீட்டு பீரோக்களில் பூச்சிக்காகப் போடும் நாப்தலீன் உருண்டையை இந்தக் கார்களோடு வைக்கவே கூடாது, அதன் ஆவி கார்களின் கண்ணாடி, சீட்டு போன்ற பிளாஸ்டிக் பாகங்களை இளக்கும். புதிய பிளைவுட், ஓக் மரப் பெட்டிகளிலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. இரும்பும் கண்ணாடியும் உள்ள அலமாரி பாதுகாப்பானது.

ரப்பர் டயர் பிளாஸ்டிக் தளத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று இளகி ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது டயரின் தோல் தளத்தோடு போய்விடும். காருக்கு அடியில் ஒரு துண்டு மெழுகுக் காகிதம் வையுங்கள். அல்லது அடித்தட்டுக்குக் கீழே சிறு மரக்கட்டை கொடுத்து, சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். வாங்கிய தேதி, கொடுத்த விலை, அடித்தட்டின் பொறிப்பு, விற்பவர் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கமாக எழுதிச் சேர்த்து வாருங்கள். இரண்டாவது உலோகத் தட்டு வோல்கா வரும்போது முதலாவதின் பக்கத்தைத் திறந்து ஒப்பிட அது தேவைப்படும்.